கல்லா மூடும் நேரம்

(வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதுபவர் காரைக்குடியில் 38 வருடம் மளிகைக் கடை நடத்தியவர். இப்போது கடையை மகள் பார்க்கிறார்.)

கேள்வி: மூன்று வருடமாக மளிகைக் கடை வைத்திருக்கிறேன். தினமும் 15,000 ரூபாய்க்குக் குறையாமல் வியாபாரம் நடக்கிறது. ஆனாலும் மாதக் கடைசியில் மொத்தக் கடைக்காரருக்குக் கொடுக்கப் பணம் இருப்பதில்லை. எங்கே போகிறது என்றே புரியவில்லை.
- ஒரு வாசகர், திருமங்கலம்

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். சரக்கு, எதிர்க்கடை, வாடகை எல்லாம் விவரமாக எழுதியிருக்கிறீர்கள். ராத்திரி கடையை எப்படி அடைக்கிறீர்கள் என்று மட்டும் ஒரு வரிகூட இல்லை. பணம் போகிற வழி அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

வாடகை 12,000, கடைப்பையன் சம்பளம் 10,000, கரண்ட் 3,000 என்று சொல்கிறீர்கள். மளிகையில் சரக்கு விலை போகப் பத்து சதவீதம் நின்றால் மாதம் 45,000. செலவு 25,000 போக 20,000 மிச்சம். இப்போது, டீக்கு, பெட்ரோலுக்கு, வீட்டுக்குக் காய் வாங்க என்று தினம் 300 ரூபாய் கல்லாவிலிருந்து எழுதாமல் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 15,000-த்தில் 300 என்பது வெறும் 2 சதவீதம், கண்ணுக்கே தெரியாது. ஆனால் மாதத்துக்கு அது 9,000. உங்கள் மிச்சத்தில் கிட்டத்தட்டப் பாதி! கல்லாவில் கிடக்கும் பணம் முழுவதும் நம்முடையது என்று கை நினைத்துவிடுகிறது. அதில் முக்கால்வாசிக்கு மேல் சரக்குக்காரனுடைய பணம்.

ஒரு 80 பக்க நோட்டு வாங்குங்கள். காலையில் சில்லறை இருப்பு எவ்வளவு என்று முதல் வரியில் எழுதுங்கள். நாள் முழுக்க எடுப்பதை, ஐந்து ரூபாயானாலும், எடுத்த நிமிஷமே எழுதுங்கள். ராத்திரி எண்ணிய பணத்தோடு எடுத்ததைக் கூட்டி, காலை இருப்பையும் வசூலான பழைய பாக்கியையும் கழித்தால் வருவதுதான் அன்றைய ரொக்க வியாபாரம். பில் போடாத கடையில் இதைத் தவிர வேறு வழி கிடையாது. எடுத்ததை எழுதாமல் விட்டால் வியாபாரமே குறைந்துபோனதாகத் தெரியும், நீங்கள் எதிர்க்கடைக்காரனைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். ஃபோனில் வந்த பணத்தைத் தனி வரியில் எழுதுங்கள். 'அது பேங்க்கில் பத்திரமாக இருக்கிறது' என்று விட்டால், வீட்டு ரீசார்ஜிலிருந்து சிலிண்டர் வரை அதிலேயே போய்விடும்.

என் ஐயா, அதாவது அப்பச்சியின் (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) அப்பா, 13 வயதில் ரங்கூனுக்குக் கப்பலேறியவர். அங்கே மொகல் தெருவில் ஒரு விலாசத்தில், அதாவது வட்டிக்கடையில், பெட்டியடிப் பையன், எடுபிடி வேலை. அங்கிருந்து அடுத்தாள், அதாவது கடைப் பொறுப்பாளருக்கு உதவியாள், ஆனார். 1942-ல் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்தபோது கையில் ஒன்றுமில்லாமல் ஊர் திரும்பினார். அங்கே கற்றுக்கொண்ட சிட்டை (அன்றாடக் கணக்கு) எழுதும் பழக்கம் மட்டும் கூடவே வந்தது. ராத்திரி எட்டரைக்குச் சம்மணம் போட்டு உட்காருவார். பெட்டியின் மூடி மேல் நாலணா, எட்டணா, ஒரு ரூபாய் என்று பத்துப் பத்தாக அடுக்குவார். அடுக்கி முடிக்கும் வரை யாரும் பேசக்கூடாது. நாலணா குறைந்தால் அது கிடைக்கும் வரை சாப்பாடு கிடையாது. ஆத்தா தட்டைப் போட்டு மூடி வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். சின்ன வயதில் எனக்கு அது கொடுமையாகத் தெரிந்தது.

1994-ல் தங்கை கல்யாண வேலையில் நாலு நாள் நான் சிட்டை எழுதவில்லை. 'ஞாபகம் இருக்கு, அப்புறம் எழுதிக்கலாம்' என்று இருந்துவிட்டேன். அந்த நாலு நாளில் கடனுக்குப் போன பதினோரு எண்ணெய் டின் யாருக்குப் போனது என்று இன்றுவரை தெரியாது. நான் போய்க் கேட்ட இரண்டு வாடிக்கையாளர் மனசு கசந்து வேறு கடைக்குப் போனார்கள். டின் காசைவிட அவர்கள் போனதுதான் இன்னும் உறுத்துகிறது.

கேள்வி: தையல் கடை வைத்திருக்கிறேன். முன்னேற வேண்டுமானால் விடிகாலை 4 மணிக்கே எழ வேண்டும் என்கிறார்கள். தீபாவளி சமயத்தில் படுக்கவே 12 ஆகிறது. முடியவில்லை, குற்ற உணர்ச்சியாக இருக்கிறது.
- ஒரு வாசகி, ஈரோடு

எழ வேண்டாம் தங்கச்சி. தூக்கம் கெட்ட கண்ணோடு கத்தரிக்கோலைப் பிடித்தால் நஷ்டம் துணிக்காரருக்கு, கெட்ட பெயர் உங்களுக்கு. எந்த மணிக்கு எழுந்தாலும், வெட்டுகிற வேலையைக் காலை வெளிச்சத்தில், ஆள் வருவதற்கு முன் முடித்துவிடுங்கள். தைப்பது ராத்திரியும் நடக்கும். தப்பாகத் தைத்ததைப் பிரித்துத் தைக்கலாம், தப்பாக வெட்டியதை என்ன செய்வது? அளவு நோட்டில் 'தருகிற தேதி' பக்கத்திலேயே 'வெட்டுகிற தேதி' என்று ஒரு கட்டம் போடுங்கள். ஒரு நாளில் எத்தனை ஜாக்கெட் வெட்ட முடியுமோ அத்தனை கட்டம் நிரம்பியதும், அடுத்து வருகிறவரிடம் அதற்கு அடுத்த நாளைச் சொல்லுங்கள். சொன்ன தேதிக்குக் கொடுப்பவர் என்று தெருவில் பெயர் வந்துவிட்டால், இரண்டு நாள் கூடுதலாகக் கேட்டாலும் காத்திருப்பார்கள்.

கேள்வி: இன்ஜினியரிங் முடித்த மகன் எங்கள் ஹார்டுவேர் கடைக்கு வருகிறான். பத்தரை மணிக்கு வந்து நேராக முதலாளி நாற்காலியில் உட்காருகிறான். கண்டித்தால் கோபப்படுகிறான்.
- ஒரு தந்தை, திண்டுக்கல்

கண்டிப்பதை ஒரு மாதம் நிறுத்துங்கள் ஐயா. கல்லா எண்ணுவதை அவனிடம் கொடுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார வேண்டாம், வீட்டுக்குக் கிளம்பிவிடுங்கள். காலையில் சில்லறை இருப்பையும் அவன்தான் எண்ணி எழுத வேண்டும் என்று சொல்லுங்கள், அதற்கு எட்டரைக்குக் கடையில் இருந்தாக வேண்டும். என் மகளுக்கும் முதல் வேலையாக இதைத்தான் கொடுத்தேன். மூன்றாவது வாரம் ராத்திரி பத்து மணிக்கு ஃபோன் வந்தது: "அப்பச்சி, நாற்பது ரூபா இடிக்குது." தேடச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். பதினொன்றேகாலுக்குத்தான் வீட்டுக்கு வந்தாள். மாலையில் ஊதுபத்தி வாங்கியதை எழுதவில்லையாம்.