அக்காவின் டம்ளர்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் மகன் நான்காம் வகுப்பு படிக்கிறான். முப்பது குறள் தடுமாறாமல் சொல்வான். ஆனால் வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் டம்ளரை எடுத்து வை என்றால் முகம் சுளிக்கிறான். சின்ன வயதிலேயே தத்துவம் சொல்லிக்கொடுத்தால் மாறுவானா? என்ன புத்தகம் வாங்கலாம்?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

புத்தகம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் அவன் கைக்கு வேலை கொடுங்கள்.

1937 அக்டோபரில் வார்தாவில் காந்தி முன்வைத்த, கைத்தொழில் வழியே பாடம் சொல்லித்தரும் ஆதாரக் கல்வியின் சாரமே இதுதான். வார்தாவுக்குப் பக்கத்தில் காந்தியின் ஆசிரமம் இருந்த சேவாகிராமத்தில் அதை முன்னின்று நடத்தியவர்கள் யாழ்ப்பாணத்துக்காரரான ஆரியநாயகமும் அவர் மனைவி ஆஷாதேவியும். அங்கே பிள்ளைகள் கையில் தக்ளி, அதாவது நூல் நூற்கும் சின்னக் கைக்கதிர், இருந்தது. நான் அதில் நூற்றுப் பார்த்திருக்கிறேன். ஒரு கையால் சுழற்றிவிட்டு, மறுகையில் பஞ்சை மெல்ல விட்டுக்கொடுக்க வேண்டும். அவசரப்பட்டால் அறுந்துவிடும். தயங்கினால் முறுக்கேறிச் சுருண்டுகொள்ளும். எந்த இடத்தில் கவனம் சிதறியதோ அந்த இடத்தில் நூல் தடித்து நிற்கும், எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி. யார் மேலும் பழி போட முடியாது. அறுந்த முனையைப் பிரித்து, ஒட்டி, மறுபடி முறுக்க வேண்டியதுதான். பொறுமை, நேர்மை என்று நாம் வாயால் சொல்வதெல்லாம் பிள்ளையின் விரலுக்கே தெரிந்துவிடுகிறது.

நூற்றதை விற்றே பள்ளிச் செலவைச் சமாளிக்கலாம் என்று காந்தி நினைத்ததில் எனக்கு உடன்பாடு இல்லை. பிள்ளை சம்பாதிக்க வந்தவன் அல்ல.

'இது குலக்கல்விதானே' என்று யாராவது கேட்பார்கள். இல்லை. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம், பாதி நாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்றது. குயவர் பிள்ளையைச் சக்கரத்துக்கே திருப்பி அனுப்பும் ஏற்பாடு அது. பெரியார் எதிர்த்தது நியாயம். மறு வருஷம் காமராஜர் அதைக் கைவிட்டார். சேவாகிராமத்தில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் நூற்றார்கள், எல்லோரும் சேர்ந்து துப்புரவு வேலையும் செய்தார்கள். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

உங்கள் வீட்டில் தக்ளி வேண்டாம், பாத்திரம் போதும். சாயங்காலம் எல்லோர் டம்ளரையும் அவன் கழுவட்டும், மறுநாள் அவன் அப்பா கழுவட்டும்.

ஒன்று கேட்கிறேன், தவறாக நினைக்காதீர்கள். 'அக்காவின் டம்ளர்' என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு மட்டும் தனியாக ஒன்று வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் இன்றைக்கே அதை மற்ற டம்ளர்களோடு கலந்து வையுங்கள். ஏன் என்று பையன் கேட்பான். உட்கார்ந்து பதில் சொல்லுங்கள்.

அன்புடன்