மூன்று மின்காப்புப் பொருள்கள், இரண்டு விடைகள்: எது சரி?

கேள்வி: பக்கத்துக்கு 10 செ.மீ. உள்ள இரு சதுரத் தட்டுகளுக்கு இடையே 2 மி.மீ. இடைவெளி. மேல் 1 மி.மீ. முழுவதும் நெகிழித் தகடு (மின்காப்பு மாறிலி 3). கீழ் 1 மி.மீ.யில் இடப்பாதி காற்று (1), வலப்பாதி மைக்கா (6). இதன் மின்தேக்குத்திறனைக் கணக்கிட்டால் எனக்கு 143 பிகோஃபாரட் வருகிறது. விடைத்தாளில் 122 என்று இருக்கிறது. பிழை எங்கே?

பதில்: கீழே உள்ள காற்றையும் மைக்காவையும் முதலில் பக்க இணைப்பாகச் சேர்த்து, பிறகு அதை நெகிழித் தகட்டுடன் தொடரிணைப்பாக எடுத்திருப்பீர்கள். கூட்டலும் பெருக்கலும் சரிதான். ஆனால் அந்த வரிசையில் சேர்க்கும்போதே, நெகிழித் தகட்டின் அடிப்பரப்பு முழுவதும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கிறது என்று சொல்லாமலே ஒப்புக்கொண்டுவிடுகிறீர்கள். அங்கே உலோகம் எதுவும் இல்லாதபோது அப்படி இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

120 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். சம தடிமனுள்ள அடுக்குகள் மின்னழுத்தத்தை மாறிலிக்கு எதிர்விகிதத்தில் பங்கிட்டுக்கொள்வதால், இடப்பாதியில் நெகிழிக்கு 30, காற்றுக்கு 90 வோல்ட் கிடைக்கும். வலப்பாதியிலோ நெகிழிக்கு 80, மைக்காவுக்கு 40. ஒரே பரப்பின் இரு பாதிகளுக்கிடையே 50 வோல்ட் வேறுபாடு இருக்கையில், அதை ஒரே புள்ளியாகக் கருத முடியாது.

ஆகவே தட்டுகளுக்குச் செங்குத்தாக, மேலிருந்து கீழாக இரண்டாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பாதியிலும் அடுக்குகள் தொடரிணைப்பு. பாதிகள் இரண்டும் பக்க இணைப்பு. இடப்பாதியின் பயனுறு மாறிலி (இரு அடுக்குகளுக்கும் சேர்த்த ஒரே மாறிலி) 1.5, வலப்பாதிக்கு 4, சராசரி 2.75. காற்று மட்டும் இருந்தால் இந்தத் தட்டுகளின் மின்தேக்குத்திறன் 44.3 பிகோஃபாரட், அதை 2.75 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 122. அடுக்குகளின் தடிமன் வேறுபட்டாலும் முறை இதுதான்; ஒவ்வொன்றின் தடிமனையும் அதன் மாறிலியால் வகுத்துக் கூட்டி, மொத்த இடைவெளியை அந்தக் கூட்டுத்தொகையால் வகுத்தால் அந்தப் பாதியின் மாறிலி வந்துவிடும்.

இதுவும் நூற்றுக்கு நூறு துல்லியமான விடை அல்ல என்பதைப் பல விடைத்தாள்கள் சொல்வதில்லை. பாதிகள் சந்திக்கும் இடத்தில் மின்புலக் கோடுகள் பக்கவாட்டில் வளைவதால், விளிம்பு விளைவை (தட்டுகளின் ஓரத்தில் மின்புலம் வெளியே பரவுவதை) விட்டுவிட்டாலும், உண்மை மதிப்பு 122-க்குச் சற்று மேலே இருக்கும். எப்படியும் 143-ஐ எட்டாது. அந்த வளைவு இடைவெளியின் அளவே உள்ள குறுகிய பட்டையில் அடங்கிவிடுவதால், 10 செ.மீ. தட்டுக்குத் திருத்தம் சிறியதே. இடைவெளியும் தட்டின் அகலமும் ஒப்பிடத்தக்க அளவில் இருந்தால் மட்டும் கணினிவழிக் கணக்கீடு தேவைப்படும்.

உங்கள் 143 சரியாகும் அமைப்பும் ஒன்று உண்டு: நெகிழித் தகட்டின் அடியில் முழுப்பரப்புக்கும் மெல்லிய அலுமினியத் தாளை ஒட்டிவிட்டால் அது சமமின்னழுத்தப் பரப்பாகிவிடும்.

இதை உண்மையிலேயே செய்து பார்ப்பதாக இருந்தால், தாள் ஒட்டாத அமைப்பில் மின்னழுத்தத்தின் முக்கால் பங்கைத் தாங்குவது காற்றடுக்கு என்பதை மறக்க வேண்டாம். காற்றின் மின்காப்பு வலிமை மி.மீ.க்கு ஏறத்தாழ 3 கிலோவோல்ட் என்பதால், மொத்தத்தில் 4 கிலோவோல்ட்டை நெருங்கும்போதே, மைக்கா எவ்வளவு வலுவாக இருந்தாலும், இடப்பாதியில் பொறி பறக்கத் தொடங்கலாம்.