எள்ளைப் படித்தால் வேலை கிடைக்குமா?

அம்மா, வேளாண் பட்டம் முடித்த மகள் எள்ளில் ஆராய்ச்சி செய்யப்போவதாகச் சொன்னதும் உங்களுக்குத் தூக்கம் போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். 'இத்தனூண்டு விதையில் என்ன எதிர்காலம்' என்ற உங்கள் கேள்வி நியாயமானதுதான்.

எண்ணெய் என்ற சொல்லே எள்ளும் நெய்யும் சேர்ந்து பிறந்தது. எள் விதையில் ஏறக்குறையப் பாதி எண்ணெய். சோயாவில் ஐந்தில் ஒரு பங்குதான். மூன்று மாதத்தில், குறைந்த ஈரத்தில் விளைந்துவிடும். அதிலுள்ள சீசமோல் என்ற இயற்கை வேதிப்பொருள் எண்ணெயைச் சிக்கு வாடை அண்டாமல் காக்கிறது. பிண்ணாக்கும் புரதம் மிகுந்த தீவனம். இவ்வளவு இருந்தும் சோயாவிடம் எள் தோற்றது ஏன்?

காய் வெடிப்பதால். எள் அடியிலிருந்து மேல்நோக்கி முற்றும். உச்சிக்காய் பச்சையாக இருக்கும்போதே அடிக்காய் வாய் பிளந்து விதையைக் கொட்டிவிடும். அதனால் பெரும்பாலான நாடுகளில் இன்றும் கையால்தான் அறுக்கிறார்கள். 1943-இல் வெனிசுவேலாவில் லாங்ஹாம் என்ற ஆய்வாளர் வெடிக்காத காய் கொண்ட செடியைக் கண்டார். ஆனால் அந்தக் காயை உடைத்து விதையைப் பிரிப்பதே பெரும்பாடாகிவிட்டது. வயலில் விதையைப் பிடித்துக்கொண்டு, களத்தில் மட்டும் விடுகிற காய் வேண்டும். அப்படிச் சில ரகங்கள் வந்துவிட்டன. ஒவ்வொரு மண்ணுக்கும் மழைக்கும் ஏற்றவை இன்னும் வரவேண்டும். உங்கள் மகளுக்கான வேலை அங்கே இருக்கிறது. பூவெல்லாம் இலையாக மாறிவிடும் நோய் ஒன்றும் இருக்கிறது, தத்துப்பூச்சி பரப்புவது. அதற்கும் ஆள் தேவை.

ஆராய்ச்சி என்றால் முனைவர் பட்டம்வரை போகவேண்டும்; பொறுமை வேண்டும். விரைவில் சம்பளம் தேவையென்றால் தரப் பரிசோதனைப் பக்கம் பாருங்கள். எள் கடல் கடக்கும் சரக்கு. சூடான், மியான்மர், இந்தியா, தான்சானியா விளைவிக்கின்றன. சீனா மிகுதியாக வாங்குகிறது. ஜப்பான் ஏறக்குறைய முழுத் தேவைக்கும் இறக்குமதியையே நம்பியிருக்கிறது. 2020-இல் இந்திய எள்ளில், கிருமி கொல்லப் பயன்படும் எத்திலீன் ஆக்சைடு வாயுவின் எச்சம் தெரியவந்ததும் ஐரோப்பாவில் எள் கலந்த ஏராளமான உணவுகளைத் திரும்பப் பெற்றார்கள். அமெரிக்காவில் 2023 முதல் ஒவ்வாமைப் பொருளாக எள்ளை உறையில் அச்சிடுவது கட்டாயம். இப்படி ஒவ்வொரு விதி வரும்போதும் ஆய்வகத்தில் நாற்காலிகள் கூடுகின்றன.

ஆனால் எள்ளோடு மட்டும் படிப்பைக் கட்டிவிட வேண்டாம். மரபியலையும் புள்ளியியலையும் அழுத்தமாகப் படிக்கட்டும். நாளை நிலக்கடலைக்கோ கடுகுக்கோ மாற நேர்ந்தால் அவை உதவும். சேருவதற்கு முன் ஓர் அறுவடையின்போது எள் வயலில் பத்து நாள் நிற்கச் சொல்லுங்கள். திரும்பி வந்து அவள் என்ன சொல்கிறாள் என்பதை எனக்கு எழுதுங்கள்.