முப்பது பேருக்கும் ஒரே ஆசனமா?

கேள்வி: எனக்கு வயது 54. மூன்று வருடமாக பிபி மாத்திரை சாப்பிடுகிறேன். வலது முழங்காலில் தேய்மானம். எங்கள் நகர்ப் பூங்காவில் காலையில் முப்பது பேர் சேர்ந்து யோகா செய்கிறோம். தோளை ஊன்றிக் காலை மேலே தூக்கும் சர்வாங்காசனம் பழகிவிட்டால் மாத்திரையை விட்டுவிடலாம் என்கிறார் மாஸ்டர். எனக்கோ அதைச் செய்தால் தலை கனக்கிறது. இன்னொரு மையத்தில், ‘உங்கள் உடலுக்கென்றே அறிவியல் முறையில் அமைத்துத் தருகிறோம், மூன்று மாதத்துக்கு 24,000 ரூபாய்’ என்கிறார்கள். எதில் சேரலாம்? (கும்பகோணம் வாசகி)

பதில்: சர்வாங்காசனத்தை இன்றோடு நிறுத்துங்கள். மாத்திரையை நிறுத்தாதீர்கள். யோகாவால் பிபி குறையும், உண்மைதான். ஆனால் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் மேல் எண் சராசரியாக 5 புள்ளி அளவுக்குத்தான் இறங்குகிறது. 160 இருந்தவருக்கு 155 ஆகும், அவ்வளவே. மாத்திரையைக் குறைப்பதா வேண்டாமா என்பதை உங்கள் டாக்டர் பார்த்துக்கொள்வார். பூங்கா மாஸ்டருக்கு அதில் வேலை இல்லை.

சரி, 24,000 ரூபாய். ஆளுக்குத் தக்கபடி யோகா சொல்லிக்கொடுப்பது ஏதோ புதுக் கண்டுபிடிப்பு போல விற்கிறார்கள். மைசூர் அரண்மனையில் இளவட்டங்களுக்குத் துள்ளிக் குதிக்கும் ஆசன வரிசைகளைக் கற்றுக்கொடுத்த யோகா ஆசான் கிருஷ்ணமாச்சாரியார்தான், பின்னால் சென்னைக்கு வந்து நோயாளிகளை ஒவ்வொருவராக உட்காரவைத்து வேறு மாதிரி சொல்லிக்கொடுத்தார். அவர் மகன் தேசிகாச்சார் 1976-இல் சென்னையில் கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரம் என்ற யோகா நிலையத்தைத் தொடங்கியதும் அந்த வழியில்தான். அறிவியலும் புதிதல்ல. 1924-இல் மகாராஷ்டிரத்தின் லோனாவ்லாவில் கைவல்யதாமம் என்ற யோகா ஆய்வு நிலையத்தைத் தொடங்கிய குவலயானந்தர், ஆசனம் செய்பவர்களை எக்ஸ்ரே எடுத்தும் பிபி அளந்தும் பார்த்தவர்.

இன்றைக்கு நடப்பது வேறு. விரலை ஒரு மெஷினில் வைக்கச் சொல்வார்கள். அது உங்கள் வாதம், பித்தம், கபம் எல்லாவற்றையும் வண்ண வண்ணமாக அச்சடித்துத் தரும். அப்புறம் உங்கள் பெயர் போட்ட ஒரு தாள். கல்யாணப் பத்திரிகை உறைமேல் பெயர் எழுதுகிறோமே, அந்த மாதிரி. உள்ளே எல்லோருக்கும் ஒரே பத்திரிகை. போகும்போது செம்புப் பாட்டிலும் ஏதோ பொடியும் கையில் திணிப்பார்கள். உங்களை அங்கே அழைத்துப் போன தெரிந்தவருக்கும் அதில் கமிஷன் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

உண்மையாகவே தனித்தனியாகப் பார்ப்பவர் முதல் நாள் ஆசனமே சொல்லித்தர மாட்டார். மாத்திரைப் பெயர்களை எழுதிக்கொள்வார். எப்படிக் கீழே உட்காருகிறீர்கள், எழும்போது எந்தக் கையை ஊன்றுகிறீர்கள் என்று பார்ப்பார். கையைத் தூக்கச் சொல்லி மூச்சைக் கவனிப்பார். நாலைந்து பயிற்சிக்குமேல் கொடுக்க மாட்டார். இரண்டு வாரம் கழித்து வரச்சொல்லி, ஒத்துவராததை மாற்றுவார். அந்த இரண்டாவது சந்திப்பு இல்லாத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

சான்றிதழை வைத்து ஆளை எடைபோடவும் முடியாது. யோகா சொல்லிக்கொடுக்க உரிமம் கட்டாயம் என்று இங்கே சட்டமில்லை. சுவரில் மாட்டியிருக்கும் ‘200 மணி நேரம்’ பயிற்சிச் சான்று பெரும்பாலும் அமெரிக்காவில் உள்ள ஒரு தனியார் அமைப்பின் பதிவு. ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் ஒரு சான்றிதழ் வாரியம் இருக்கிறது. ஆனால் அந்தச் சான்று இல்லாதவரை யாரும் தடுப்பதில்லை. ஐந்தரை வருடம் படித்த யோகா, இயற்கை மருத்துவ டாக்டர்கள் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே பார்க்கப் பணம் தரவேண்டியதில்லை. அப்படி ஒரு பிரிவு இருக்கிறது என்று வாசலில் ஒரு பலகை வைக்கக்கூட ஆளில்லை, என்ன செய்வது? ஓபி சீட்டு வாங்கும்போது நீங்களே கேளுங்கள்.

ஒன்றை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்: கண். சிரசாசனத்தில் கண்ணின் உள் அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. சுவரில் கால் தூக்கிப் படுப்பதிலும் குனிந்து தலையைத் தொங்கவிடுவதிலும்கூட ஓரளவு ஏறுகிறது. நல்ல கண்ணுக்குப் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. கண் அழுத்த நோய், அதாவது கிளாக்கோமா உள்ளவருக்கு அது ஆபத்து. அந்த நோயோ ஆரம்பத்தில் வலிக்காது, மங்கலாகவும் தெரியாது. என்னிடம் வந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மூன்றாவது வாரம்தான், “கண்ணுக்கு ராத்திரி சொட்டு மருந்து விடுகிறேன் சார், அது யோகாவுக்கு எதுக்கு என்று சொல்லவில்லை” என்றார். அதற்குள் அவருக்குத் தலையைக் கீழே இறக்கும் ஆசனம் இரண்டு கொடுத்திருந்தேன். தப்பு என்னுடையது, நான் கேட்கவில்லை. அன்றிலிருந்து முதல் கேள்வியே அதுதான். உங்கள் அம்மா அப்பாவுக்குக் கண் அழுத்தம் இருந்ததா? நாற்பது தாண்டியவர் நீங்கள், ஒருமுறை கண் அழுத்தம் பார்த்துவிடுங்கள். சர்க்கரையால் விழித்திரை பாதித்தவர்களுக்கும் இதே எச்சரிக்கை உண்டு.

பூங்காவை விடவேண்டாம். நாலு பேரோடு சேர்ந்து செய்தால்தான் தினமும் எழுந்து போவோம். ஓரமாக உட்கார்ந்து உங்களுக்கானதைச் செய்யுங்கள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை இழுத்தபடி கைகளைத் தூக்குங்கள், விட்டபடி இறக்குங்கள். இழுக்க நாலு எண்ணிக்கை, விட ஆறு. ஆறு முறை போதும். மூச்சு கரகரத்தாலோ அவசரப்பட்டாலோ எண்ணிக்கையைக் குறையுங்கள். அடுத்து, காலை நீட்டி முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதை ஐந்து விநாடி அழுத்தி விடுங்கள், பத்து தடவை. மல்லாந்து படுத்து ஒரு காலை வயிற்றுப் பக்கம் கொண்டுவரும்போது முழங்காலைப் பிடிக்காமல் தொடையின் பின்பக்கத்தைப் பிடியுங்கள். மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் கபாலபாதியும் மூச்சை அடக்குவதும் வேண்டாம்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தினமும் ஒரே நேரத்தில், காப்பிக்கு முன்னால், ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்துவிட்டு ஒரே கையில் பிபி பார்த்து எழுதுங்கள். முதல் இரண்டு வாரம் புதிதாக எதுவும் தொடங்காமல் எழுதுங்கள். அடுத்த நாலு வாரம் மேலே சொன்னதைச் செய்துகொண்டே எழுதுங்கள். இடையில் உப்பைக் குறைத்தாலோ மாத்திரை மாறினாலோ அதையும் குறித்துவையுங்கள். இல்லாவிட்டால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஆறு வாரம் கழித்து நோட்டை டாக்டரிடம் காட்டுங்கள். 24,000 ரூபாய் கேட்பவரிடமும் காட்டலாம், அதைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் மெஷினை நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

நாற்காலி, சாப்பாட்டு மேசையில் போடுகிற கனமான மர நாற்காலியாக இருக்கட்டும். சக்கரம் வைத்தது ஆகாது.