பீடிக் கணக்கு நோட்டும் முதல் ஆப்பும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். எனக்கு ஆலங்குளம் பக்கம் ஒரு கிராமம். வயது 29. பி.காம். முடித்துவிட்டு பாவூர்சத்திரத்தில் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுகிறேன். டேலி, ஜிஎஸ்டி எல்லாம் தெரியும். கோடிங் சுத்தமாகத் தெரியாது. ஆனால் ஒரு ஆப் செய்ய வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

அம்மா பீடி சுற்றுகிறாள். கடையில் கொடுத்த பீடி, அங்கே கழித்துப் போட்டது, வாங்கி வந்த இலை, தூள் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வைப்பாள். சனிக்கிழமை கூலி வாங்கி வந்ததும், "ஏட்டி, இது சரியா இருக்கான்னு பாரு" என்று என்னிடம் நீட்டுவாள். அதையே ஒரு ஆப்பாகச் செய்தால் என்ன என்று தோன்றியது.

தொடங்கவே முடியவில்லை. யூடியூபில் ஒருவர் பைத்தான் என்கிறார், ஒருவர் ஜாவா, இன்னொருவர் ஃப்ளட்டர். மூன்றையும் கொஞ்சம் கொஞ்சம் பார்த்தேன். பார்க்கும்போது புரிகிறது, மூடிவிட்டால் ஒன்றும் வரவில்லை. திருநெல்வேலியில் ஒரு சென்டரில் ஆறு மாத கோர்ஸ், வேலை கேரண்டி என்று பெரிய தொகை கேட்கிறார்கள். சென்னையில் இருக்கிற சித்தப்பா மகன், "இனிமே அதெல்லாம் ஏஐ எழுதிரும்க்கா, நீ எதுக்கு மெனக்கெடுத?" என்கிறான். வீட்டில் தம்பிக்கு ப்ளஸ் டூவில் கிடைத்த அரசு லேப்டாப் இருக்கிறது. பேட்டரி போய்விட்டது, சார்ஜரில் ஓடும். என் இங்கிலீஷும் சுமார்தான். இந்த வயதில் எனக்கு இது வருமா? மத்தளம்பாறையில் இருக்கிற ஜோஹோ சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை கிடைக்கிற அளவுக்கு வருமா?

(பெயர் வெளியிட வேண்டாம்.)

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

மொழி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். பைத்தான். ஏன் மற்றதில்லை என்று நான் ஒரு பக்கம் எழுதலாம். அதைப் படிக்கிற நேரத்தில் நீங்கள் நாலு வரி எழுதிப் பார்த்துவிடலாம். (ஃப்ளட்டர் என்பது மொழியே இல்லை. டார்ட் என்ற மொழியில் எழுத உதவுகிற ஒரு கருவி. யூடியூப்காரர்கள் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் நிறுத்திவிடுகிறார்கள், பார்க்கிறவர்களுக்குத் தலை சுற்றுகிறது.) பைத்தானில் நீங்கள் மனதில் வைக்க வேண்டிய மொழிச்சொற்கள் மொத்தமே 35. அதிலும் முதல் இரண்டு மாதத்துக்கு இஃப், எல்ஸ், ஃபார், வைல், டெஃப், ரிட்டர்ன் என்று பத்துக்குள் அடங்கிவிடும். ஜிஎஸ்டி தளத்தில் வருகிற இங்கிலீஷைப் படித்து வேலை பார்க்கிறவருக்கு இது ஒரு விஷயமே இல்லை.

உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அம்மாவின் நோட்டு. புதிதாகக் கற்கிறவர்கள் பெரும்பாலும் வானிலை ஆப், சாட் ஆப், கேம் என்று ஆரம்பிக்கிறார்கள். திரையில் என்னவோ வரும். அது சரியா தப்பா என்று அவர்களுக்குத் தெரியாது, வந்ததே பெரிய விஷயம் என்று அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார்கள். உங்களிடமோ வாராவாரம் கையால் சரிபார்த்த விடைகள் நோட்டு நோட்டாக இருக்கின்றன. புரோகிராம் தப்பாகச் சொன்னால் அந்த நிமிஷமே கண்டுபிடித்துவிடுவீர்கள். முதல் புரோகிராமை எப்போதும் விடை தெரிந்த கணக்கில்தான் எழுத வேண்டும் என்பேன். நான் சொல்ல விரும்புவது முக்கியமாக இவ்வளவுதான். மீதியெல்லாம் அதை எப்படிச் செய்வது என்கிற விவரம்.

ஆயிரம் பீடிக்கு 300 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் ரேட்டை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

கொடுத்தது = 1450
கழிவு = 50
ரேட் = 300
கூலி = (கொடுத்தது - கழிவு) * ரேட் / 1000

இதை நான் விளக்கத்துக்காகத் தமிழில் எழுதியதாக நினைக்காதீர்கள். அப்படியே தட்டினால் ஓடும். 2008-இல் பைத்தான் 3 வந்ததிலிருந்து பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். கீழே கூலியைக் காட்டச் சொல்லும் பிரிண்ட் கட்டளையை மட்டும் இங்கிலீஷ் சின்ன எழுத்தில், print(கூலி) என்று எழுதுங்கள். திரையில் 420.0 என்று வரும்.

420 சரி, அந்தப் புள்ளி சைபர் எதற்கு? வகுத்தல் குறி போட்டாலே பைத்தான் விடையைத் தசம எண்ணாக்கிவிடும். இது சின்ன விஷயம்போலத் தெரியும், ஆனால் கணக்கு எழுதுகிறவர் கவனிக்க வேண்டிய இடம். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொல்லிப் பாருங்கள். 0.30000000000000004 என்று வரும். மெஷின் கெட்டுப்போகவில்லை, கம்ப்யூட்டர் எண்களை இரண்டின் அடுக்குகளில் வைத்திருப்பதால் 0.1 அதற்குள் முழுசாக அடங்காது. அதனால் பணத்தைப் பைசாவாக்கி முழு எண்ணாக வைத்துக்கொண்டு, காட்டும்போது மட்டும் ரூபாயாக மாற்றுவது நல்ல பழக்கம்.

அடுத்த நாள், எண்களைப் புரோகிராமுக்குள் எழுதாமல் இன்புட் கட்டளையால் கேட்டு வாங்கச் செய்யுங்கள். திங்கள் 800, செவ்வாய் 650 என்று கொடுத்துக் கூட்டச் சொல்லுங்கள். 1450 வராது. 800650 வரும். கீபோர்டில் தட்டுவது எதுவானாலும் பைத்தான் அதை எழுத்தாகத்தான் வாங்கும். இரண்டு எழுத்துத் துண்டுகளைக் கூட்டச் சொன்னால் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிடும். எண்ணாக மாற்றச் சொல்ல இன்ட் என்று ஒன்று உண்டு. எட்டு லட்சம் பீடியை அம்மா இரண்டு நாளில் சுற்றவில்லை என்று உங்களுக்குத் தெரியுமே, அதனால்தான் இந்தத் தப்பை உடனே பிடிப்பீர்கள். வீடியோவில் பார்த்துக்கொண்டு போனால் இது ஒருநாளும் மனதில் தங்காது. டேலியை நீங்கள் வீடியோ பார்த்தா கற்றுக்கொண்டீர்கள்? ஒரு பில்லைத் தப்பாகப் போட்டு, ட்ரையல் பேலன்ஸ் இடித்து, தேடித்தானே வந்தது.

இந்த நாலு வரி வந்த பிறகு லேப்டாப்பை மூடிவிட்டு அம்மா பக்கத்தில் போய் உட்காருங்கள். சொளவை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே கேட்கலாம், கை பாட்டுக்கு வேலை செய்யும், வாய் பதில் சொல்லும். கழித்துப் போட்டதை அன்றைய கணக்கிலேயே குறைக்கிறார்களா, அடுத்த நாளா? இலை குறைந்து சொந்தக் காசுக்கு வெளியில் வாங்கினால் அதை எங்கே எழுதுவது? பக்கத்து வீட்டு அக்காவிடம் கைமாற்றாக வாங்கிய இலை? சனிக்கிழமை கூலி வாங்கிய கையோடு எடுத்து வந்த இலை இந்த வாரமா, வரும் வாரமா? பி.எஃப். எந்தத் தொகையில் பிடிக்கிறார்கள்?

இவற்றில் பாதிக்கு அம்மாவின் நோட்டில் பதில் இருக்காது, அம்மாவின் தலையில்தான் இருக்கும். புரோகிராமுக்கு அது தெரியாது, நீங்கள் சொன்னால்தான் உண்டு. ஒவ்வொன்றையும் ஒரு வரியில் தமிழில் எழுதி வையுங்கள். சாஃப்ட்வேர் கம்பெனிகளில் இதே வேலைக்குப் பெரிய பெரிய பெயர்கள் வைத்துத் தனியாக ஆள் போட்டிருக்கிறார்கள்.

ஒரு கேள்வியை மட்டும் தனியாகச் சொல்கிறேன். நடு வருஷத்தில் கூலி உயர்ந்தால் என்ன ஆகும்? ரேட்டை ஒரே இடத்தில் வைத்திருந்தால், நீங்கள் 300-ஐ 320 ஆக்கிய உடனே போன மாதக் கூலியும் சேர்ந்து மாறிவிடும். பழைய கணக்கு முழுக்கப் பொய்யாகிவிடும். அதனால் ஒவ்வொரு நாள் பதிவோடும் அன்றைய ரேட்டையும் சேர்த்துச் சேமிக்க வேண்டும். கோர்ஸ் முடித்துவிட்டு வருகிற பையன்கள் இதைத் தவறவிடுவதைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் தவறவிட மாட்டீர்கள், ஏனென்றால் கடையில் பழைய பில்லில் பழைய விலைதான் இருக்கும் என்பது உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

லேப்டாப் போதும். அதில் விண்டோஸ் 7 இருந்தால் புதிய பைத்தான் ஏறாது, 3.8 தான் கடைசி. தெரிந்த பையன் யாரையாவது பிடித்து விண்டோஸுக்குப் பதிலாக லேசான லினக்ஸ் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள், காசு கிடையாது. அதில் புரோகிராம் எழுத தானி (Thonny) என்ற எடிட்டரைப் போடுங்கள். எஸ்டோனியாவில் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் புதியவர்களுக்காகவே செய்தது. புரோகிராம் ஓடும்போது வரிவரியாக எந்தப் பெயரில் என்ன எண் இருக்கிறது என்று காட்டும். பேட்டரி இல்லாததால் கரண்ட் போனால் எல்லாம் போகும். நாலு வரிக்கு ஒருமுறை சேமித்துக்கொள்ளுங்கள். கடையில் ஓய்வாக இருக்கும்போது போனில் பழக வேண்டுமென்றால் பைத்தான் எழுதி ஓட்டிப் பார்க்கிற கூகுள் கொலாப் பிரவுசரிலேயே திறக்கும், ஆனால் போன் கீபோர்டு முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கும். பிரிண்ட்டின் முதல் எழுத்து பெரிதாக இருந்தால் பைத்தான் அப்படி ஒன்று தெரியாது என்று சொல்லிவிடும். அதை அணைத்துவிடுங்கள். தமிழில் படிக்க வேண்டுமானால் கணியம் தளத்தில் இலவச மின்னூல்கள் இருக்கின்றன.

அப்புறம் ஏஐ. சித்தப்பா மகன் சொல்வது பொய்யில்லை. "பீடிக் கணக்குக்கு ஒரு ஆப் செய்து கொடு" என்று கேட்டால் ஒரே நிமிஷத்தில் லாகின், கலர், கிராஃப் எல்லாம் வைத்துக் கொடுக்கும். கழிவை ஒருமுறை கழித்திருக்கிறதா, இரண்டுமுறை கழித்திருக்கிறதா என்று யார் பார்ப்பது? நோட்டில் நாலு வாரத்துக் கணக்கை எடுத்துப் போட்டு ஒத்துப் பார்க்கத் தெரிந்தவர்தான் பார்க்க முடியும். அதனால் முதல் கொஞ்ச நாள் உங்கள் கையால் எழுதுங்கள். ஏஐயிடம் எர்ரரைக் காட்டித் தமிழில் விளக்கம் கேளுங்கள், அதில் அது கெட்டிக்காரன். பிறகு அதை எழுதச் சொல்லுங்கள், ஒவ்வொரு வரியும் எதற்கு என்று திருப்பிக் கேளுங்கள். விளக்கம் உங்களுக்குப் புரியாத வரியை உள்ளே விடாதீர்கள்.

ஆப் என்றதும் எல்லோருக்கும் ப்ளே ஸ்டோர்தான் ஞாபகம் வருகிறது. அங்கே போட ஒருமுறை 25 டாலர் கட்ட வேண்டும். அதோடு, 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தனிநபராகக் கணக்குத் திறந்தவர்கள், வெளியிடுவதற்கு முன்னால் குறைந்தது 12 பேரை வைத்து 14 நாள் தொடர்ந்து சோதித்துக் காட்ட வேண்டும். உங்கள் ஆப்பைப் பயன்படுத்தப்போவது ஒரே ஒரு ஆள். அவளுக்கு எதற்கு ப்ளே ஸ்டோர்? கணக்கு பைத்தானில் சரியாக வந்த பிறகு அதையே ஒரு வெப் பக்கமாக மாற்றலாம். அதற்கு எச்டிஎம்எல்லும் கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்டும் வேண்டும், விதிகள் கையில் இருப்பதால் அது இரண்டாம் தடவை எழுதுகிற வேலைதான். கிட்ஹப் பேஜஸ் என்ற தளத்தில் காசில்லாமல் போட்டு, அம்மா போனில் முகப்புத் திரையில் ஐகானாக வைத்துவிடலாம். இரண்டு எச்சரிக்கை: கிட்ஹப் இலவசக் கணக்கில் அப்படிப் போடுவதை உலகமே பார்க்கலாம், அம்மாவின் பி.எஃப். எண், ஆதார் எதையும் அதற்குள் எழுதிவிடாதீர்கள். பிரவுசரில் சேமித்த பதிவுகள், யாராவது போனைச் சுத்தம் செய்கிறேன் என்று டேட்டாவை அழித்தால் போய்விடும். நோட்டைத் தூக்கிப் போட வேண்டாம்.

வேலை விஷயத்தில் நேராகவே சொல்லிவிடுகிறேன். மத்தளம்பாறையில் 2011 முதல் ஜோஹோ இருப்பதால் தென்காசிப் பக்கம் எல்லோருக்கும் அந்த ஆசை வந்திருக்கிறது, நல்லதுதான். அவர்கள் 2005-இல் தொடங்கிய பயிற்சிப் பள்ளி ப்ளஸ் டூ, டிப்ளமோ முடித்துவரும் சின்னப் பிள்ளைகளுக்கானது. உங்களுக்கு அந்த வாசல் சரிப்படாது. 22 வயதுப் பையன்களோடு புரோகிராமர் வேலைக்குப் போட்டி போடுவதை விட, கணக்கும் தெரிந்து கோடிங்கும் தெரிந்த ஆளாக இருப்பது உங்களுக்கு லாபம். இரண்டும் தெரிந்த ஆட்கள் குறைவு.

அம்மாவின் கணக்கு முடிந்ததும் கடையிலேயே இரண்டாவது வேலை காத்திருக்கிறது. மாதாமாதம் 14-ஆம் தேதி, சப்ளையர்கள் ஏற்றிய பில்களின் பட்டியலாக ஜிஎஸ்டிஆர் 2பி வருகிறதே, அதை உங்கள் பர்ச்சேஸ் ரிஜிஸ்டரோடு எப்படி ஒத்துப் பார்க்கிறீர்கள்? எக்ஸெல்லில் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கண் வலிக்கத்தானே? இரண்டு ஃபைலையும் பைத்தானால் படித்து, ஜிஎஸ்டி எண்ணையும் பில் எண்ணையும் வைத்து ஒப்பிட்டு, ஒத்துப்போகாததை மட்டும் காட்டச் சொல்லுங்கள். முதல் நாளே தகராறு வரும். சப்ளையர் 00123 என்று ஏற்றியிருப்பார், நீங்கள் 123 என்று போட்டிருப்பீர்கள்; இரண்டும் வேறு என்று புரோகிராம் சாதிக்கும். அதை எப்படிச் சரிக்கட்டுவது என்று யோசிக்கும்போதுதான் உங்களுக்கு உண்மையாகவே கோடிங் வந்திருக்கிறதா என்று தெரியும். அது ஓடினால், அதே தலைவலி உள்ள கடைகள் பாவூர்சத்திரத்திலேயே எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.

சென்டருக்கு இப்போது பணம் கட்டாதீர்கள். வேலை கேரண்டி என்பதை எழுத்தில் கேளுங்கள், என்ன வேலை, என்ன சம்பளம், கிடைக்காவிட்டால் பணம் திரும்புமா என்று. போன வருஷம் முடித்தவர்கள் ரெண்டு பேர் போன் நம்பர் கேளுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடலாம். மூன்று மாதம் அம்மாவின் கணக்கைப் போட்ட பிறகும் வகுப்பு வேண்டும் என்று தோன்றினால், என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவீர்கள்.

வயதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 29-க்கு என்ன? வேலைக்குப் போய்விட்டு வந்து இரவில் ஒரு மணி நேரம் உட்கார முடியுமா என்பதுதான் கேள்வி. அதற்கு வீட்டில்தான் பதில் இருக்கிறது.

ஒரு வாரக் கணக்கு நோட்டோடு ஒத்துப்போனதும் எழுதுங்கள். நடுவில் சிக்கினால் எர்ரரை ஃபோட்டோ பிடித்து அனுப்பாமல், எழுத்தாகவே காப்பி செய்து முழுசாக அனுப்புங்கள். அதற்கு முன் அதன் கடைசி வரியை நீங்கள் ஒருமுறை படித்துப் பாருங்கள், பைத்தான் விஷயத்தை அங்கேதான் சொல்லும்.

அன்புடன்,
அண்ணாச்சி