தீர்வு நோக்கிய குறுங்கால உளசிகிச்சை என்றால் என்ன? நாலைந்து சந்திப்பில் முடிந்துவிடுமா?

நான் சிகிச்சையாளன் இல்லை, அதற்குப் போய் வந்தவன். பத்தாம் வகுப்பு படித்த மகனோடு அப்போது எனக்குத் தினமும் சண்டை. ஒரு கவுன்சலரிடம் போனேன். என் அப்பா, என் சின்ன வயது என்று தோண்டுவார் என நினைத்துப் பெரிய கதையோடு தயாராகப் போயிருந்தேன். அவர் கேட்டதோ, "அப்பாயின்ட்மென்ட் வாங்கியதிலிருந்து இன்றைக்குள் ஏதாவது கொஞ்சம் மாறியிருக்கிறதா?"

பிரச்சினையின் வேரைப் பிடித்தால்தான் தீர்வு வரும் என்று நினைப்போம் இல்லையா? அது கட்டாயமில்லை என்பதுதான் இந்த முறையின் அடிப்படை. ஸ்டீவ் டி ஷேசரும் அவர் மனைவி இன்சூ கிம் பெர்க்கும் 1978இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் ஒரு மையம் தொடங்கி, எந்தக் கேள்வி உதவுகிறது என்று நடக்கும் சந்திப்புகளை ஒருவழிக் கண்ணாடிக்குப் (ஒரு பக்கமிருந்து மட்டும் பார்க்க முடிவது) பின்னாலிருந்து பார்த்துப் பார்த்தே இதை உருவாக்கினார்கள். எது சரியாக நடக்கிறதோ அதை இன்னும் செய், பலன் தராததை விட்டுவிட்டு வேறு ஏதாவது செய். கேட்க சாதாரணமாக இருக்கும்.

"சண்டை வராத நேரம் எது?" என்றார். அப்படி ஒன்று இல்லை என்று சொல்லப் போய் நிறுத்தினேன். ஞாயிறு காலை கறிக்கடைக்கு வண்டியில் போகும்போது வருவதில்லை. பின்னால் உட்கார்ந்து அவனாகப் பேசுவான், நான் மார்க் பற்றிக் கேட்பதில்லை. வாரத்தில் இன்னொரு நாளும் அப்படி வெளியே போகச் சொன்னார், அவ்வளவுதான்.

அதிசயக் கேள்விதான் இதில் பிரபலம். ராத்திரி தூங்கும்போது ஓர் அதிசயம் நடந்து பிரச்சினை தீர்ந்துவிட்டது, தூங்கியதால் உங்களுக்குத் தெரியாது. காலையில் எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பீர்கள்? எனக்கு அது கொஞ்சம் நாடகத்தனமாகப் பட்டது. "குட் மார்னிங் சொல்வான்" என்றேன். "அப்போது நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று திருப்பியபோதுதான் முழித்தேன்.

என்னை அசைத்தது அளவுகோல் கேள்வி. 0 முதல் 10க்குள் உங்கள் உறவு எங்கே இருக்கிறது என்றார். 3 என்றேன். ஏன் 10 இல்லை என்று கேட்பார், புகார்ப் பட்டியலை எடுக்கலாம் என்று பார்த்தால், "ஏன் 2 இல்லை?" என்றார். அவ்வளவுதான், எனக்கும் மகனுக்குமாக நானே வக்கீலாகிவிட்டேன். காய்ச்சல் வந்தால் என்னைத்தான் கூப்பிடுகிறான், வண்டி கேட்டுத்தான் எடுக்கிறான் என்று வரிசையாக வந்தது. அப்புறம், "4 ஆகிவிட்டது என்று எதை வைத்துத் தெரியும்?" சாப்பிடும்போது எதிரில் உட்காருவான் என்றேன். அன்பு, மரியாதை என்றெல்லாம் சொல்லாமல் கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்றைச் சொல்ல வைத்தார் பாருங்கள், அது முக்கியம்.

ஒன்றும் நகராதவர்களிடம், "இத்தனைக்கும் நடுவில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?" என்று கேட்பதும் உண்டு. ஆனால் தற்கொலை எண்ணம், காதில் குரல் கேட்பது, வீட்டில் அடிஉதை என்றால் முதலில் மனநல மருத்துவரையோ பாதுகாப்பையோ தேடுங்கள். இந்தக் கேள்விகள் பிறகு.

எத்தனை சந்திப்பு என்று கணக்கு எதுவும் கிடையாது. எனக்கு நான்கு. கடைசி முறை 6 என்றேன். "போதுமா?" என்றார். போதும் என்று வந்துவிட்டேன்.