பீலிங்கும் அந்த இரவு கிரீமும்

அன்புள்ள டாக்டர்,

உங்கள் தளத்தைத் தொடர்ந்து வாசிக்கிறேன். வயது 26, தண்டையார்பேட்டை. எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் பில்லிங்கில் இருக்கிறேன். காலேஜ் நாளில் வந்த பருக்கள் போய்விட்டன. இரண்டு கன்னத்திலும் பழுப்புத் தழும்புகளும் சில குழிகளும் மட்டும் அப்படியே நிற்கின்றன. தை மாதம் கல்யாணம், இன்னும் ஆறு வாரம்தான். மூலக்கடைப் பக்கம் ஒரு பார்லரில் மூன்று முறை கெமிக்கல் பீல் செய்தால் முகம் பளிச்சென்று ஆகிவிடும் என்கிறார்கள். “ஆசிட்டையா மூஞ்சில ஊத்திக்கப் போற?” என்று அம்மா திட்டுகிறார். மாப்பிள்ளையின் அக்கா பெண் பார்க்க வந்த அன்றே, “முகத்துக்கு ஏதாவது பண்ணிக்கக் கூடாதா?” என்று கேட்டுவிட்டுப் போனார். (இரவில் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய ஒரு கிரீம் ஒன்றரை வருடமாகப் போடுகிறேன். இரண்டு நாள் விட்டால் முகம் எரிந்து சிவந்துவிடும், அதனால் விடுவதில்லை.) பீலிங் செய்யலாமா, வேண்டாமா?

எம்., தண்டையார்பேட்டை

அன்புள்ள எம்.,

வேண்டாம். இந்த ஆறு வாரத்துக்குள் வேண்டவே வேண்டாம்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் அடைப்புக்குறிக்குள் ஒதுக்கி எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிகள்தான் என்னை இதை எழுத வைத்தன. அந்தக் கிரீமைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகு நாளாகவே நினைத்திருந்தேன்.

முதலில் பீலிங். அம்மா சொல்வது பொய்யில்லை, அது அமிலம்தான். கரும்பில் இருக்கும் கிளைகோலிக், எண்ணெய்ப் பசையில் கரைந்து துவாரத்துக்குள் இறங்கும் சாலிசிலிக், மூலக்கூறு பெரியதாக இருப்பதால் மெதுவாக இறங்கும் மாண்டலிக் என்று பல உண்டு. தோலின் மேலடுக்கில் செத்த செல்களைப் பிடித்து வைத்திருக்கும் பிணைப்பை இவை தளர்த்துகின்றன. மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் வாக்கில் அந்த அடுக்கு உரியும். அதில் தங்கியிருந்த கறுமையும் கொஞ்சம் போகும். சரியான கையில், சரியான தோலில், இரண்டு மூன்று வார இடைவெளியில் நான்கைந்து முறை செய்தால் பழுப்புத் தழும்பு நன்றாகவே மங்கும். குழிகள் இதில் நிரம்பாது. அதற்கு வேறு சிகிச்சை, அதை இப்போது பேச வேண்டாம்.

சரியான கை என்று எதைச் சொல்கிறேன்? நம்முடைய மாநிறத் தோலில் காயம், எரிச்சல் எதுவானாலும் நிறமி செல்கள் அளவுக்கு மீறிச் சுரந்து அந்த இடத்தைக் கறுக்க வைத்துவிடும். அதனால் சாலிசிலிக் என்றால் 20 முதல் 30 சதவீதம், கிளைகோலிக் என்றால் 30, 35-ல் ஆரம்பம். அதற்கு முன்பே சில வாரம் தோலைத் தயார்ப்படுத்துவார்கள். செய்யும் அன்று முகத்தின் எண்ணெயைத் துடைத்து, கண்ணோரம், மூக்கோரம், உதட்டோரம் வாசலின் வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பூசுவார்கள். கிளைகோலிக்கை ஒன்றிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் சோடா உப்புக் கரைசலால் முறிக்க வேண்டும். நடுவில் எங்காவது வெளுத்தால் அந்த நொடியே நிறுத்தியாக வேண்டும். சாலிசிலிக்கில் வரும் வெள்ளைப் பொடி வேறு, அது வெறும் படிகம். இந்த இரண்டு வெண்மைக்கும் வித்தியாசம் தெரியாதவர் உங்கள் முகத்தில் கை வைக்கக் கூடாது. பாட்டிலில் போட்டிருக்கும் சதவீதத்தை மட்டும் நம்பவும் முடியாது. பிஎச் என்ற எண் குறையக் குறைய அமிலம் கடுமையாகும். அதே 30 சதவீதம் பிஎச் 3-ல் சாது, பிஎச் 1-ல் சுட்டுவிடும். லேபிள் இல்லாத பாட்டில் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

இது ஆரோக்கியமான தோலுக்கு. உங்கள் தோல் இப்போது அந்த நிலையில் இல்லை.

அந்த டியூபை எடுத்துப் பாருங்கள். சிறிய எழுத்தில் மொமெட்டாசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டாசால், ஃப்ளூசினலோன் என்று ஏதாவது ஒரு பெயர் இருக்கும் என்றே நினைக்கிறேன். இவை ஸ்டீராய்டுகள். நம் ஊரில் ‘தழும்பு கிரீம்’, ‘மங்கு கிரீம்’ என்று கேட்டால் கவுண்டரில் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் மூன்று மருந்துக் கலவை: நிறத்தை மங்க வைக்கும் ஹைட்ரோகுயினோன் 2 சதவீதம், தோலை உரிய வைக்கும் ட்ரெட்டினாயின் 0.025, ஸ்டீராய்டான மொமெட்டாசோன் 0.1. இந்தக் கலவைக்கு மூலமான சூத்திரம் 1975-ல் அமெரிக்காவில் கிளிக்மேன் என்ற தோல் மருத்துவர் எழுதியது. அதன் வழியில் அங்கே மங்குக்கு அனுமதி பெற்ற கிரீமில் ஸ்டீராய்டாக இருப்பது 0.01 சதவீத ஃப்ளூசினலோன், மொமெட்டாசோனைவிட வீரியம் குறைந்தது. அந்தச் சாதுவான கிரீமுக்கே எட்டு வாரம்தான் கெடு. நீங்கள் போட்டது ஒன்றரை வருடம். எட்டு வாரத்தையும் ஒன்றரை வருடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

முதல் வாரத்தில் முகம் வெளுத்திருக்கும், பருவும் அடங்கியிருக்கும். ஸ்டீராய்டு ரத்த நாளங்களைச் சுருக்கி வீக்கத்தை அமுக்குகிறது, அந்தப் பளிச் அதனால் வருவது. மாதக்கணக்கில் போடும்போது தோல் மெலிகிறது. கன்னத்தில் சிவப்பு ரத்த நாளங்கள் தெரியத் தொடங்கும், தாடையோரம் பூனைமுடி வளரும், பரு திரும்பி வரும். நிறுத்தினால் சுருங்கியிருந்த நாளங்கள் ஒரேயடியாக விரிந்து எரிச்சலும் சிவப்பும் வரும். எரிகிறதே என்று மறுபடியும் போடுவீர்கள். இரண்டு நாள் விட்டால் எரிகிறது என்பதை, கிரீம் முகத்துக்கு ஒத்துக்கொள்கிறது என்பதற்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது அடிமைப்பட்ட தோல் எம்., ஒத்துக்கொண்ட தோல் இல்லை. இந்தத் தோலில் அமிலம் வைத்தால், சுண்ணாம்பு பெயர்ந்த சுவரில் மழைத் தண்ணீர் இறங்குவதுபோல ஓரிடத்தில் ஆழமாகவும் ஓரிடத்தில் மேலாகவும் இறங்கும். ஆழமாக இறங்கிய இடம் வெந்து பிறகு கறுக்கும். அந்தக் கறுப்பு மங்க மாதங்கள் ஆகும், தை காத்திருக்காது. பார்லரில் “இப்போ முகத்துக்கு என்ன போடுறீங்க?” என்று ஒருவராவது கேட்டார்களா? கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள்.

உங்கள் மேல் கோபம் உண்டு. சேலை வாங்க வருபவர் சாயம் போகுமா என்று பத்துத் தடவை கேட்பதைத் தினமும் பார்க்கிறவர், முகத்தில் தினமும் தேய்ப்பதன் பெயரை ஒரு தடவைகூடப் படிக்காமல் இருந்திருக்கிறீர்கள். அந்தக் கடைக்காரர் மேல் இன்னும் பெரிய கோபம். 2018-லேயே மத்திய அரசு இந்த மேற்பூச்சு ஸ்டீராய்டுகளை எச் அட்டவணைக்குள் கொண்டுவந்துவிட்டது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று டியூபிலேயே அச்சடித்திருக்கும். வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் சோப்பு, ஷாம்புவோடு சேர்த்து இதையும் பையில் போட்டுக் கொடுக்கிறார்கள். வாங்கும் பெண்களில் பலர் பதினைந்து, பதினாறு வயது. அவர்களை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

மாப்பிள்ளையின் அக்கா சொன்னதற்குப் பதில் தேட வேண்டியதில்லை. விடுங்கள்.

இந்த வாரமே ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போங்கள். கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, காலையில் ஓ.பி. சீட்டு போட்டு, டியூபைக் கையோடு கொண்டுபோய் மேஜைமேல் வையுங்கள். எத்தனை மாதம், எத்தனை இரவு என்பதைக் குறைக்காமல் சொல்லுங்கள். உடனே நிறுத்துவதா, வீரியம் குறைந்ததற்கு மாற்றிப் படிப்படியாக இறக்குவதா என்பதை முகத்தைப் பார்த்து அவர்கள்தான் தீர்மானிக்க வேண்டும். எரிச்சலுக்கு ஸ்டீராய்டு இல்லாத டாக்ரோலிமஸ் களிம்பு, பரு கிளம்பினால் மாத்திரை, வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் என்று கொடுப்பார்கள். நடுவில் முகம் இப்போதைவிட மோசமாகத் தெரியும் வாரங்கள் வரலாம், கல்யாண வாரத்திலும் கொஞ்சம் சிவந்திருக்கலாம். இதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு மனமில்லை. சிவப்பை மேக்கப் மூடும், வெந்த தோலின் மேல் மேக்கப் நிற்காது.

இன்னொன்று. கல்யாணத்துக்குப் பிறகு குழந்தையைத் தள்ளிப் போடும் எண்ணம் இல்லையென்றால், ட்ரெட்டினாயினும் ஹைட்ரோகுயினோனும் தொடரக் கூடாது. மருத்துவரிடம் இதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

பகலில் சன்ஸ்கிரீன், எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாமல். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கினால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் போதும். பட்டாணி அளவு தடவுவது தடவாததற்குச் சமம். நிறம் கலந்த வகை கிடைத்தால் அதை வாங்குங்கள், அதிலுள்ள இரும்பு ஆக்சைடு கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் தடுக்கும். கல்யாண மேக்கப் போடுபவரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்: பிளீச் கூடாது, ஸ்க்ரப் கூடாது, கோல்டு ஃபேஷியல் கூடாது. அவர் போடப்போகும் ஃபவுண்டேஷனை ஒரு வாரம் முன்பே வாங்கிக் காதுக்குப் பின்னால் இரண்டு நாள் தடவிப் பாருங்கள்.

பீலிங்கைப் பிறகு பார்க்கலாம். எரிச்சலும் சிவப்பும் முழுக்க அடங்கி, எந்தக் கிரீமும் இல்லாமல் முகம் சில மாதம் அமைதியாக இருந்தபின் அதே ஓ.பி.யில் கேளுங்கள். டியூபில் என்ன பெயர் இருந்தது என்பதை மட்டும் இன்று இரவே எனக்கு எழுதுங்கள்.